கூடு கட்டும் நாள்

ஆவணி 2, ஞாயிறு

என் பெயர் தீர்த்தகிரி. இதை எழுதுவது நான்தான். வேறு யாரும் எழுதித் தரவில்லை.

இந்த இரண்டு வரியை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து, மருமகள் காவேரி களியும் கிண்டி இறக்கிவிட்டாள். பரவாயில்லை. எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே பெயர்தான் வருகிறது.

டைரி, எனக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் முதியோர் வகுப்பின் பரிமளா டீச்சர் கொடுத்தது. போன வருஷத்து டைரி. உரக்கடையில் இலவசமாகக் கொடுத்ததை அவர் வீட்டில் யாரும் தொடவில்லையாம். அச்சடித்த தேதியை எல்லாம் அடித்துவிட்டு நம் தேதியைப் போடுகிறேன். அச்சடித்ததை நான் அடிக்கிறேன். இந்த வயதில் இப்படி ஓர் அதிகாரம்.

வகுப்பில் டீச்சர் சொன்னது: தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள். என்ன நினைத்தீர்கள், எவ்வளவு நடந்தது, எங்கே பிழை. பிழையை எழுதி வைத்தால் மறுபடி அதையே செய்ய வெட்கம் வரும் என்றார். "வெக்கமே இல்லாதவங்க என்னா எழுதறது டீச்சர்?" என்று கூடப் படிக்கும் பொன்னுருவி கேட்டாள். எல்லாரும் என் வாயைப் பார்த்துச் சிரித்தார்கள். வாயில் புகையிலை இருந்தது.

நினைத்தது: புகையிலையை விட வேண்டும். காவேரியின் புழு மனைக்குள் மறுபடி போக வேண்டும்.

கை வலிக்கிறது.

ஆவணி 3, திங்கள்

புழு மனை என்றால் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை. காவேரி பயிற்சிக்குப் போய் வந்து, மானியத்துக்கு அலைந்து, தானே நின்று கட்டியது. மல்பெரித் தோட்டமும் அவள் நட்டதுதான். நிலம் மட்டும் என்னுடையது. என் மகன் மாதையன் பெங்களூரில் கான்கிரீட் லாரி ஓட்டுகிறான், மாதம் ஒருமுறை வருவான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

புகையிலை பட்ட தழையைத் தின்றால் புழு வாந்தி எடுத்துச் சாகும். எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அதனால்தான் ஆடி மாதம் தழை கொண்டுபோகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், வாய் கொப்பளித்தேன். ஆனால் பொட்டலம் மடியில் இருந்தது. தழைக் கட்டை மடியோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கிடந்தன.

காவேரி திட்டவில்லை. வாசலுக்கு வெளியே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். "மாமா, இத தாண்ட வேணாம்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

ஆவணி 5, புதன்

புதுப் புழு வந்துவிட்டது. இரண்டு முறை தோலுரித்த குஞ்சுப் புழுக்களைத் தட்டில் வைத்து வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அரிசி நீளம்கூட இல்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

மாதையன் போனில் பேசினான். காவேரி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். இந்த முறையும் போனால் செடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தைப் பக்கத்துத் தக்காளிக்காரருக்குக் குத்தகைக்கு விடலாம், நீ பெங்களூருக்கு வந்துவிடு, அப்பா அரூரில் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்றான். காவேரி "பாக்கலாம்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால், போக விருப்பம் இல்லை என்று தெரிந்தது.

என்னைப் பொறுத்தவரை அரூர் நல்ல ஊர். கடைவீதி இருக்கிறது.

நடந்தது: காலையிலிருந்து புகையிலை இல்லை.
பிழை: மாதையன் பேசும்போது மடியைத் தடவினேன். ஒன்றும் இல்லை.

ஆவணி 6, வியாழன்

புகையிலை இல்லை. உலகத்தில் வேறு எதுவும் இல்லாதது போல் இருக்கிறது.

ஆவணி 8, சனி

காவேரி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். மாமனாரை வாய் ஊதச் சொல்ல முடியாது. அதனால் காலையில் புழு மனைக்குப் போகும் முன் என் எதிரில் வந்து நின்று, "ஏதாச்சும் பேசுங்க மாமா" என்கிறாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பழமொழி அச்சடித்திருக்கிறது. அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அவள் மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு முழுவதும் கேட்கிறாள். இன்று, "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்." படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. புழுவுக்குப் பசிக்குது மாமா, நாளைக்குச் சின்னதாப் பாத்துப் படிங்க என்று சிரித்தபடி போனாள்.

ஆவணி 10, திங்கள்

புழுக்கள் தோலுரிப்பில் இருக்கின்றன. அப்போது தின்னாது, அசையாது. பாதி எழுந்துவிட்டன, பாதி எழவில்லை. எழுந்ததற்குப் பசிக்கிறதே என்று தழை போட்டுவிட்டால் சின்னதும் பெரியதுமாகப் போய்விடும். எல்லாம் எழும் வரை காத்திருந்து ஒன்றாகப் போட வேண்டும். காவேரி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை என்றால் எனக்கு வரும் என்றேன். சிரித்தாள்.

பிழை: கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கடைக்காரன் கேட்காமலே பழக்கத்தில் பொட்டலத்தை எடுத்து வைத்தான். கையில் எடுத்தேன். மோந்தேன். பக்கத்தில் நின்றவன் மடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். குளித்து, வேட்டியைத் துவைத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குள் வந்தேன்.

ஆவணி 12, புதன்

பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே நாக்கு போய்ப் போய் வருகிறது. பெண்சாதி செத்த வருஷம் பாயில் கை போய்ப் போய் வந்தது போல.

இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இவ்வளவு நன்றாக எழுதிய வரியை அடிக்க மனம் வரவில்லை.

ஆவணி 15, சனி

தக்காளிக்காரர் வையாபுரி காலையில் மருந்து தெளித்தார். அவர் வெளியூர்க்காரர், எங்கள் தோட்டத்தை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. நான் வரப்பில் நின்று கேட்டேன். மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணா, நீங்க புழு வளக்கறீங்க, நான் புழு சாவடிக்கறேன். நான் தெளிக்கலைன்னா எனக்குத் தக்காளி இல்ல. நான் என்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

காற்று இல்லாத நேரமாகப் பார்த்துத் தெளிக்கிறேன் என்றார். அவர் பக்கத்து வரிசைத் தழையை இந்த வாரம் வெட்ட வேண்டாம் என்று காவேரி முடிவு செய்தாள். ஆனால் கூடு கட்டும் முன் கடைசியாக வரும் ஐந்தாம் பருவத்தில் புழு தின்னும் தின்னுக்கு அந்த வரிசைகளை விட்டால் தழை போதாது. அதையும் அவளே சொன்னாள்.

ஆவணி 17, திங்கள்

இன்று நான்காவது தோலுரிப்பு முடிந்தது. ஐந்தாம் பருவம்.

காலையில் காவேரி வந்து நின்றாள். நான் பழமொழிக்காகப் பக்கத்தைப் புரட்டினேன். "படிக்க வேணாம், வாங்க" என்றாள். கோட்டை ஒற்றைக் காலால் தேய்த்து அழித்தாள்.

வாசலில் இருந்த மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனேன். அடுக்கு அடுக்காகப் புழுக்கள், வெள்ளை வெளேர் என்று, என் சுண்டுவிரல் பருமன். தழைத் தண்டுகளைப் பரப்பினோம். தின்ன ஆரம்பித்தன. கொட்டகைக்குள் மழை பெய்வது போல் சத்தம். நான் வெளியே எட்டிப் பார்த்தேன், வெயில்.

இந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட முடியுமா என்று முயன்றேன். சர சர என்று எழுதினேன். இல்லை. நொறு நொறு. அதுவும் இல்லை. டீச்சரிடம் கேட்க வேண்டும்.

நினைத்தது நடந்துவிட்டது. பிழை இல்லை. இன்று பிழை இல்லை என்று எழுதுவதில் எவ்வளவு சந்தோஷம்.

ஆவணி 20, வியாழன்

வெட்டுகிறோம், சுமக்கிறோம், போடுகிறோம். எழுத நேரமில்லை. வையாபுரி பக்கத்து வரிசையைத் தவிர எல்லாம் மொட்டை.

ஆவணி 21, வெள்ளி

அந்த வரிசைகளையும் வெட்டினோம். காவேரி தழையைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் உலர்த்திப் போட்டாள். வாசனை எதுவும் இல்லை. நானும் மோந்து பார்த்தேன். இப்போது என் மூக்கு நன்றாக வேலை செய்கிறது.

ஆவணி 23, ஞாயிறு

இப்படிப்பட்ட புழுவைப் பார்த்ததில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நோய் இல்லை. காவேரி மூங்கில் சந்திரிகைகளைக் கழுவி வெயிலில் காய வைத்தாள். வட்ட வட்டமாக வளைத்துக் கட்டிய தட்டி அது. பழுத்த புழுவை அதில் விட்டால் இடம் பார்த்துக் கூடு கட்டும். பழுத்தது என்றால் தின்பதை நிறுத்தி, உடம்பு கண்ணாடி போல் மஞ்சளித்து, தலையைத் தூக்கித் தேடும்.

மாதையனுக்குப் போன் செய்து, வரும் ஞாயிறு வரச் சொன்னாள், கூட்டைப் பார்க்க. "பாக்கத்தான போறீங்க" என்றாள். அந்தக் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆவணி 25, செவ்வாய்

நேற்றே பழுத்திருக்க வேண்டும். இன்னும் தின்கின்றன.

ஆவணி 26, புதன்

சில புழுக்கள் தலையைத் தூக்கின. எடுத்துச் சந்திரிகையில் விட்டோம். ஊர்ந்து விளிம்புக்கு வந்து, திரும்பி நடுவுக்குப் போய், மறுபடி விளிம்புக்கு வருகின்றன. வாயிலிருந்து நூல் வரவில்லை. ஒன்றிரண்டு மட்டும் மெல்லிய சல்லடை போல் எதையோ போட்டு, பாதியில் விட்டுவிட்டு நகர்ந்தன.

காவேரி ஒன்றை எடுத்துத் தழையின் மேல் வைத்தாள். தின்றது.

ஆவணி 27, வியாழன்

கட்டவில்லை. குளிராக இருக்குமோ என்று சாக்கை வைத்து ஜன்னலை மூடினோம். காற்று போதவில்லையோ என்று திறந்தோம். வெளிச்சம் அதிகமோ என்று விளக்கை அணைத்தோம். சந்திரிகையை நிழலில் சாய்த்து வைத்தோம், படுக்க வைத்தோம். எல்லாம் செய்தோம். அவை உயிரோடு, கொழுத்து, அங்கும் இங்கும் நடந்துகொண்டிருக்கின்றன. செத்துப்போனாலாவது கையில் ஒரு வேலை இருக்கும்.

காவேரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தால் அவள் எனக்காகவும் வருத்தப்பட வேண்டும்.

ஆவணி 28, வெள்ளி

பட்டு ஆபீஸிலிருந்து ஓர் அம்மா ஸ்கூட்டியில் வந்தார். காவேரி கிணற்றடியில் இருந்தாள். நான்தான் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன பிழை என்று கேட்டேன். உங்கள் மேல் பிழை இல்லை ஐயா என்றார். சில மருந்துகள் துளியூண்டு காற்றில் வந்து தழையில் படிந்தாலும் இப்படி ஆகும், அது புழுவைக் கொல்லாது, கூடு கட்டும் காலம் வந்துவிட்டது என்பதை மட்டும் புழு மறந்துவிடும், தழையை அலசினாலும் போகாது. இதற்கு மருந்து? இல்லை. வையாபுரியிடம் சொன்னால்? சொல்லலாம், அதனால்தான் என்று நிரூபிக்க முடியாது என்றார்.

என் புகையிலையால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். புகையிலை என்றால் அன்றைக்கே வாந்தி எடுத்துச் செத்திருக்கும் என்றார்.

போகும் வழியில் கிணற்றடியில் வண்டியை நிறுத்திக் காவேரியோடு வெகுநேரம் நின்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டிருப்பார். காவேரியிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பிழை: இந்த வரியில் எழுத ஒன்றும் இல்லை. நான் விட வேண்டியதை விட்டேன். அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். ஆடி மாதம் நடந்ததற்கு ஒரு பெயர் இருந்தது, மடி. அதைத் திருத்தினேன். காற்றை எங்கே போய்த் திருத்துவது? பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் இதற்கு வழி சொல்லவில்லை.

ஆவணி 29, சனி

புழுக்கள் சுருங்க ஆரம்பித்துவிட்டன. குழி தோண்டினேன். மெதுவாகத்தான் தோண்ட முடிந்தது. காவேரி கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். சில இன்னும் தலையைத் தூக்கித் தேடின. சுண்ணாம்பைத் தூவி மண்ணைப் போட்டோம்.

நாளை மாதையன் வருகிறான்.

ஆவணி 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

மாதையன் காலைப் பஸ்ஸில் வந்தான். குழியைப் பார்த்தான், காலி சந்திரிகையைப் பார்த்தான். கத்தவில்லை. கத்துவான் என்று நினைத்தேன். காவேரியின் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினான். நோய் இல்லை என்கிறாய், சுத்தமாக வைத்திருந்தேன் என்கிறாய், பிறகு ஏன் இப்படி ஆனது என்று கேட்டான். அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தடியில் சுண்ணாம்பு.

அவன் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தப்பு இன்னதுன்னு தெரிஞ்சா திருத்திக்கிட்டு இன்னொரு தடவ பாக்கலாம், காவேரி. எதுவுமே தெரியலன்னா அடுத்த தடவையும் இதேதான். எத்தன தடவ குழி தோண்டறது?" பிறகு, வையாபுரியிடம் குத்தகை பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து செருப்பைப் போட்டான்.

நான் சொன்னேன், "தப்பு தெரியும்டா."

திரும்பினான்.

"நான்தான். புகையில போட்டுக்கிட்டு உள்ள போனேன். ஒரு நாள் இல்ல, தெனமும்."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 'தெனமும்' என்பதை ஏன் சேர்த்தேன் என்றும் தெரியவில்லை. ஒருநாள் என்றால் நம்பமாட்டான் என்று தோன்றியிருக்கும்.

அவன் முகம் மாறியதை நான் எழுதப் போவதில்லை. வயசாச்சே என்று பார்க்கிறேன் என்றான். அவ உசிரக் குடுத்து வளக்கறா, உனக்கு ஒரு இணுக்கு புகையில பெருசாப் போச்சா என்றான். இன்னும் சில சொன்னான். என் மகன் என்னை அப்படிப் பேசியதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். செய்யாத தப்புக்குத் தலை குனிவது சுலபமாக இருந்தது.

காவேரி எழுந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாயிலிருந்து ஒரு முழம் தூரத்தில். தினமும் காலையில் நிற்பாளே, அதே தூரம். நான் பேசவில்லை. பேசினால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவள் உள்ளே போய்ச் சுண்ணாம்புச் சட்டியைக் கொண்டுவந்தாள். வாசலில் புதிதாக ஒரு கோடு போட்டாள், பழையதைவிடத் தடிமனாக. மாதையனைப் பார்த்துச் சொன்னாள், "இனிமே மாமா இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. எப்பவும். இதான தப்பு, திருத்தியாச்சு. ஐப்பசியில இன்னொரு வளப்பு எடுக்கறேன்."

"எப்பவுமா?" என்று கேட்டான் மாதையன். அவனுக்கே அது அதிகமாகத் தெரிந்திருக்கும்.

"எப்பவும்."

அவள் குரல் தெளிவாக இருந்தது. நம்பிவிட்டாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பத்து நாள் என் வாயை மோந்தவள். ஆனால் கோபமும் உண்மையான கோபமாகத்தான் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாதையன் ஐப்பசி வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று உண்மையில் புகையிலை வேண்டும் போல் இருந்தது. போட்டாலும் இனி யாரும் கேட்கப் போவதில்லை. போடவில்லை.

புரட்டாசி 1, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. கை வரவில்லை.

இன்று காலை காவேரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். வையாபுரி நிலத்தை ஒட்டிய மல்பெரி வரிசைகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிப் போட்டாள். நல்ல செடிகள். பதறிக்கொண்டு போனேன். "அத ஏம்மா பிடுங்கற, தப்பு என் புகையிலதான?" என்றேன். அவள் நிமிரவில்லை. "ஆமா மாமா. இங்க அகத்தி வெதைக்கணும். ஒசரமா வளரும், காத்து தடுக்கும். உக்காந்து பள்ளம் எடுங்க" என்றாள்.

உட்கார்ந்து எடுத்தேன். அவள் விதையைப் போட்டு மண்ணைத் தள்ளினாள். அகத்தி ஆள் உயரம் வர எவ்வளவு காலம் ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஐப்பசிக்குள் வராது.

பாதி வரப்பு முடிந்தபோது அந்தப் பக்கம் மருந்து மெஷின் போடும் சத்தம் கேட்டது. வையாபுரி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். முதலில் வாசனை வந்தது, பிறகு கன்னத்தில் சில்லென்று பட்டது. காவேரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மற்றக் கையால் அடுத்த பள்ளத்தைக் காட்டினாள்.